டிரில்லிங் மெஷினை மில்லிங் மெஷின் ஆக்கலாமா?

காரைக்குடிக்குப் பக்கத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு தம்பி கேட்டிருப்பது இது. பட்டறையில் நாலரை அடி லேத் ஒன்று, தூண் வைத்த டிரில்லிங் மெஷின் ஒன்று, வெல்டிங் செட் ஒன்று. புதுவயல் அரிசி ஆலைகளிலிருந்து ஷாஃப்டும் புல்லியும் வேலைக்கு வருகின்றன. கீவே (ஷாஃப்டும் புல்லியும் சேர்ந்து சுற்ற இடையில் செருகும் கீ உட்காரும் காடி) போட மட்டும் திருச்சிக்கோ மதுரைக்கோ கொடுத்துவிட வேண்டியிருக்கிறது. டிரில்லிங் மெஷினின் கீழே, பிடித்த பொருளைக் குறுக்கும் நெடுக்கும் நகர்த்தும் ஒரு கிராஸ் ஸ்லைடு வைஸைப் போட்டு அதையே மில்லிங் மெஷின் (சுழலும் கட்டருக்கு எதிரே பொருளை நகர்த்தி வெட்டும் மெஷின்) ஆக்கிவிடலாமா, இல்லை தனியாக ஒன்று கட்டலாமா, கட்டினால் நிற்குமா?

தம்பி, டிரில்லிங் மெஷினை மட்டும் அந்த வேலைக்கு இழுக்காதீர்கள். நான் இழுத்திருக்கிறேன். அப்போது என் பட்டறை ஒரு பழைய செட்டியார் வீட்டின் பின்கட்டில் இருந்தது. 10 எம்.எம். எண்ட் மில்லை (நுனியிலும் பக்கத்திலும் பல் உள்ள கட்டர்) டிரில் சக்கில் பிடித்து, 2 எம்.எம். ஆழம் வைத்து ஒரு தகட்டில் காடி ஓட்டினேன். நாலு அங்குலம் ஓடியதும் நிறுத்தி அளந்தால், ஆரம்பித்த இடத்தில் 2 எம்.எம்., முடித்த இடத்தில் மூன்றுக்கும் மேல். கைப்பிடியை நான் தொடவே இல்லை. எண்ட் மில்லே சக்கிலிருந்து மெல்ல இறங்கியிருக்கிறது. இன்னும் கொஞ்சம் இறுக்கிவிட்டு மறுபடி ஓட்டினேன். இந்த முறை சக்கே கழன்று, சுற்றிக்கொண்டே வைஸ் மேல் விழுந்து, தாவாரத்துக் கல்தூண் வரைக்கும் உருண்டு போனது. காலில் விழாதது அன்றைய அதிர்ஷ்டம்.

காரணம் எளிது. டிரில்லிங் மெஷின் மேலிருந்து கீழே அழுத்துவதற்காகச் செய்தது. சக் வெறும் டேப்பரில், அதாவது கூம்புச் சரிவில், ஒட்டிக்கொண்டு நிற்கிறது. கீழிருந்து அழுத்தம் வரும்வரை அது இன்னும் இறுகும். பக்கவாட்டில் விட்டு விட்டுத் தட்டினால் அதே டேப்பர் தளர்ந்துவிடும். எண்ட் மில்லின் ஒவ்வொரு பல்லும் ஒரு தட்டு. போதாததற்கு எண்ட் மில்லின் சுருள் அதைக் கீழ்நோக்கி இழுக்கிறது. சக்கின் தாடையும் கடினம், கட்டரின் தண்டும் கடினம், அதனால் பிடிப்பு வழுக்கும். குயிலில், அதாவது சுழலும் தண்டான ஸ்பிண்டிலைத் தாங்கி மேலும் கீழும் போகும் குழலில், இருக்கிற ஆட்டம், உருளைத் தூண் முறுக்கிக்கொள்வது எல்லாம் இதற்கு மேலே. அதனால் அந்த மெஷினில் ஓட்டை போடுங்கள். அதுவும் தேவைதானே.

இப்போது உங்கள் கேள்விக்குள் இருக்கும் ஒரு குழப்பத்தைப் பிரித்துவிடுகிறேன். ஷாஃப்டில் போடும் கீவே வேறு, புல்லியின் ஓட்டைக்குள் போடும் கீவே வேறு. முதலாவது மில்லிங் வேலை. இரண்டாவதை எவ்வளவு பெரிய வெர்டிகல் மில்லிங் மெஷின் வாங்கினாலும் அதில் சுற்றும் கட்டரால் போட முடியாது. அது, டூல் மேலும் கீழும் ஓடிச் சீவும் ஸ்லாட்டிங் மெஷினிலோ, ஓட்டைக்குள் தள்ளும் பல் வரிசையான புரோச் போட்டோ செய்யும் வேலை. மாசக்கணக்காகப் பாடுபட்டு மில்லிங் மெஷின் கட்டி முடித்த பிறகும் புல்லிகள் திருச்சி பஸ்ஸில்தான் ஏறும் என்றால் எப்படி இருக்கும்?

ஆனால் இரண்டையுமே உங்கள் லேத்தில் இந்த வாரமே போடலாம்.

ஷாஃப்டை எடுத்துக்கொள்வோம். 35 எம்.எம். ஷாஃப்ட் என்றால் கீ 10 அகலம், 8 உயரம். ஷாஃப்டில் ஆழம் 5 எம்.எம்., புல்லிப் பக்கம் 3.3. லேத்தின் கம்பவுண்டை (டூலைத் தாங்கும் மேல் ஸ்லைடு) கழற்றிவிட்டு, அதன் அடியில் குறுக்கே நகரும் கிராஸ் ஸ்லைடின் மேல் வி-பிளாக் (வி வடிவப் பள்ளமுள்ள கட்டை) வைத்து, ஷாஃப்டைக் குறுக்கே படுக்க வைத்துக் கிளாம்ப் போடுங்கள். கட்டர் ஸ்பிண்டிலில் சுற்றும், வேலை, அதாவது வெட்டப்படும் பொருள், கிராஸ் ஸ்லைடோடு நகரும், ஆழம் லேத்தின் நீளவாட்டில் ஓடும் கேரேஜில் கிடைக்கும். ஷாஃப்டின் மையம் கட்டரின் மையத்தோடு ஒரே உயரத்தில் நிற்க வேண்டும், அதுதான் சூட்சுமம். அதற்கு எனக்குத் தெரிந்த நல்ல வழி 6 அங்குல ஸ்டீல் ஸ்கேல். ஸ்பிண்டிலில் ஒரு சென்டரை (கூர்முனைக் கூம்பு) மாட்டுங்கள். அதன் முனைக்கும் ஷாஃப்டின் வளைவுக்கும் நடுவே ஸ்கேலை நிறுத்தி, கேரேஜை மெதுவாக நகர்த்தி லேசாகக் கவ்வ வையுங்கள். ஷாஃப்ட் தாழ்ந்திருந்தால் ஸ்கேலின் தலை ஷாஃப்ட் பக்கம் சாயும், உயர்ந்திருந்தால் சென்டர் பக்கம் சாயும். வி-பிளாக்குக்கு அடியில் தகடு சேர்த்து, எடுத்து, ஸ்கேல் நேராக நிற்கும்வரை பாருங்கள். கண்ணுக்கு நேர் என்று பட்டாலே கீவேக்குப் போதும்.

அப்புறம் 8 எம்.எம். இரண்டு பல் ஸ்லாட் டிரில் என்ற கட்டரால் நடுவில் ஓட்டி, 10 எம்.எம்.மால் முடியுங்கள். ஒரு ஓட்டத்துக்கு அரை எம்.எம். ஆழம் போதும். கட்டரை லேத் சக்கில் பிடிக்காமல் கோலட்டில் (தண்டைச் சுற்றிலும் சமமாகக் கவ்வும் பிளவு வளையம்) பிடிக்க வேண்டும், இ.ஆர்.32 கோலட் சக் ஒன்றை முதல் செலவாகவே வாங்கிவிடுங்கள். 20 எம்.எம். வரைக்கும் பிடிக்கும், பின்னாளில் மெஷின் கட்டினால் அதிலும் அதையே மாட்டிக்கொள்ளலாம்.

புல்லிக்கு லேத்தையே ஸ்லாட்டிங் மெஷின் ஆக்க வேண்டும். மெயினை அணைத்து ஃபியூஸையும் பிடுங்கிவிட்டு, புல்லியைச் சக்கில் பிடித்து, ஸ்பிண்டிலைச் சுற்றாதபடி பூட்டுங்கள். ஓட்டைக்குள் டூலைக் கொண்டுபோகும் தண்டான போரிங் பாரின் நுனியில் 10 எம்.எம். அகலத்துக்குத் தீட்டிய எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூல். கேரேஜ் சக்கரத்தைக் கையால் சுற்றி உள்ளே தள்ளி வெளியே இழுத்து, ஒவ்வொரு தள்ளுக்கும் கிராஸ் ஸ்லைடில் 0.05 முதல் 0.1 எம்.எம். வரை கொடுத்துக்கொண்டே போக வேண்டும். 3.3 எம்.எம். ஆழத்துக்கு எப்படியும் ஐம்பது அறுபது தள்ளு. தோள்பட்டை வலிக்கும். ஆனால் கீ உட்காரும்.

சரி, இதெல்லாம் போக மெஷின் ஒன்று கட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை தனியாக இருக்கிறது, இல்லையா? கேள்வி எழுதிய தோரணையிலேயே தெரிகிறது. கட்டுங்கள். ஆனால் காசு மிச்சமாகும் என்ற கணக்கில் இறங்காதீர்கள். கழித்துக்கட்டிய பழைய மெஷின் கோயம்புத்தூர்ப் பக்கம் கிலோ கணக்கில் விலைக்கு வருகிறது. நீங்கள் வாங்கும் ஸ்லைடு, பேரிங், கோலட், மோட்டார் எல்லாம் கூட்டினால் அந்த விலையை நெருங்கிவிடும். இடம் சிறிதாக இருக்கிறது, சிங்கிள் ஃபேஸ் கரண்ட்தான் இருக்கிறது, கையால் செய்து கற்றுக்கொள்ள வேண்டும் என்பவை நல்ல காரணங்கள்.

மில்லிங் மெஷின் என்பது முதலில் விறைப்பு, மற்றதெல்லாம் பிறகு. கட்டர் தள்ளும்போது எதுவும் வளையக் கூடாது. இதில் ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு முனையில் பிடித்து நிற்கும் தண்டின் நீளம் இரண்டு மடங்கானால் வளைவு எட்டு மடங்கு. உதாரணத்துக்கு, அரை மீட்டர் உயரத் தூணுக்கு 100க்கு 100, 6 எம்.எம். கனமுள்ள சதுரக் குழாய் எடுத்தால், உச்சியில் 50 கிலோ விசையில் தள்ளும்போது குழாய் மட்டுமே 0.03 எம்.எம். வளையும். அதே கனத்தில் 150க்கு 150 எடுத்தால் 0.009தான். எடை 9 கிலோவிலிருந்து பதிமூன்றரை ஆகிறது, விறைப்போ மூன்றரை மடங்குக்கும் மேல். அந்த நாலரைக் கிலோ இரும்பில் கஞ்சத்தனம் பார்ப்பவர்கள்தான் பிறகு 'ஃபினிஷ் வரவில்லை, கட்டர் உடைகிறது' என்று புலம்புவது. விலை உயர்ந்த ஸ்டீல் வாங்கினால் விறைப்பு கூடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. கூடாது. இ.என்.24 என்ற பலமான அலாய் ஸ்டீல் ஆனாலும் சாதா எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) ஆனாலும் வளைவது ஏறக்குறைய ஒரே அளவு. பலம் வேறு, விறைப்பு வேறு. அலுமினியம் எஃகைவிட மூன்று மடங்கு வளையும். வார்ப்பிரும்பும் எஃகைவிடக் கூடுதலாகவே வளையும், ஆனால் அதிர்வைக் குடித்துவிடும். அதனால்தான் கம்பெனிக்காரன் அதில் செய்கிறான்.

வார்ப்பிரும்புக்கு நம் ஊரில் ஒரு வசதி உண்டு. மணலில் அச்சுப் பதிக்கும் மர மாதிரியான பேட்டர்ன் செய்ய ஆள் தேட வேண்டாம். கதவு நிலையில் யாளியும் கஜலட்சுமியும் செதுக்குகிற ஆசாரியிடம் படம் போட்டுக் கொடுத்தால் அச்சாகச் செய்து தந்துவிடுவார். இரும்பு ஆறும்போது மீட்டருக்குச் சுமார் 10 எம்.எம். சுருங்கும், அதைக் கூட்டிச் செய்யச் சொல்ல வேண்டும். மணலிலிருந்து பேட்டர்ன் கழன்று வரப் பக்கங்களில் லேசான சரிவும் வேண்டும். இந்த இரண்டையும் சொல்லாமல் விட்டு நான் ஒரு முறை தேக்கு நஷ்டப்பட்டேன். வார்த்து வந்ததும் உடனே கடையாதீர்கள். பழைய ஆட்கள் அதை மாசக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் கொல்லையில் போட்டுவைப்பார்கள், உள்ளே இருக்கிற இறுக்கம் தளரட்டும் என்று.

வார்ப்புக்குப் போக முடியாதென்றால் வெல்டிங்தான். குழாயின் அடியில் 20 எம்.எம். தகடு, நான்கு பக்கமும் முக்கோணத் தாங்கு தகடு (கஸெட்). ஒரே இழுப்பாக ஓட்டாமல், ஓரங்குலம் இங்கே, ஓரங்குலம் எதிர்ப்பக்கம் என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். போல்ட் முகத்தை வெல்டிங் எல்லாம் முடிந்து ஆறிய பிறகுதான் கடைய வேண்டும். காலிக் குழாய் மணிபோல் கணீரென்று அடிக்கும். உள்ளே எபாக்ஸி கலந்த கிரானைட் சிப்ஸ் போட்டு நிரப்பினால் அந்தச் சத்தம் செத்துவிடும். கல்லை ஒரே அளவில் போடாதீர்கள். பெரிய கல் இடுக்கில் சின்னக் கல், அதன் இடுக்கில் மணல் என்று நிரம்பினால்தான் எபாக்ஸி குறைவாகப் பிடிக்கும், எடையில் பத்துப் பன்னிரண்டு சதவீதம் போதும். கைவசம் காசு இல்லையென்றால் கான்கிரீட். சிரிக்காதீர்கள், முதல் உலகப் போரில் பீரங்கிக் குண்டு கடைவதற்கு அமெரிக்காவில் கான்கிரீட் பெட் வைத்த லேத்துகளே ஓடின.

ஸ்பிண்டிலில்தான் மெஷினின் உயிர் இருக்கிறது. எம்.டி.3 (மோர்ஸ் டேப்பர் 3) உள்டேப்பர், பின்னாலிருந்து டூலை இழுத்துப் பிடிக்கும் எம்12 டிராபார். டிராபார் இல்லாத ஸ்பிண்டில் மறுபடி டிரில்லிங் மெஷின்தான். முன்பக்கம் 30208 டேப்பர் ரோலர் பேரிங், பின்பக்கம் 30207, இரண்டும் எதிரெதிர்த் திசை பார்த்து. முன்பக்கத்துக்கு 40 எம்.எம். துளை ஏன் என்றால், எம்.டி.3 டேப்பரின் வாய் சுமார் 24 எம்.எம்.; 30 எம்.எம். பேரிங் போட்டால் சுற்றுச்சுவர் மூன்று எம்.எம்.தான் மிஞ்சும். ஹவுசிங்கின் இரண்டு பேரிங் இருக்கைகளையும் ஒரே பிடியில் கடையுங்கள், கழற்றித் திருப்பிப் போட்டால் நேர்கோடு போய்விடும். ஸ்பிண்டிலில் டேப்பரை முதலில் குத்துமதிப்பாகக் கடைந்துவிட்டு, வெளிப்பக்க இருக்கைகளைச் சென்டர் இடையே முடித்து, கடைசியாகப் பேரிங் இருக்கையில் ஸ்டெடி (சுழலும் தண்டைத் தாங்கும் பிடி) வைத்து டேப்பரை ஃபினிஷ் செய்யுங்கள். கம்பவுண்டை 1 டிகிரி 26 நிமிடத்துக்குத் திருப்ப வேண்டும், ஆனால் அதிலுள்ள டிகிரிக் கோட்டை நம்பாதீர்கள். கடையில் வாங்கிய எம்.டி.3 ஆர்பர் (அதே டேப்பர் உள்ள தண்டு) ஒன்றைச் சென்டர் இடையே வைத்து, டயல் கேஜின் முள் அசையாமல் ஓடும்வரை கம்பவுண்டைத் தட்டித் தட்டிச் சரிசெய்யுங்கள்.

பேரிங்கை அழுத்திப் பிடிக்கும் ப்ரீலோடு நட்டை ஆட்டம் போகும்வரை இறுக்கி, அதற்கு மேல் ஒரு சொட்டு. அரை மணி ஓட்டிவிட்டு ஹவுசிங்கைத் தொட்டுப் பாருங்கள். கையை வைத்துக்கொண்டே இருக்க முடிகிற சூடு நல்லது, வெடுக்கென்று எடுக்க வேண்டியிருந்தால் நட்டைத் தளர்த்துங்கள். கிரீஸை அப்பி அடைக்காதீர்கள், அதுவே சூடாக்கும்.

ஸ்லைடுக்கு என் யோசனை பழைய இரும்புக் கடை. உடைந்த ஷேப்பரின் டேபிள், பழைய லேத்தின் கிராஸ் ஸ்லைடு என்று டவ்டெயிலோடு (புறாவால் வடிவச் சறுக்குத் தடம்) ஏதாவது அகப்படும். தேய்ந்திருந்தால் ஸ்கிரேப் செய்ய, அதாவது மேடுகளைச் சுரண்டிச் சமமாக்க வேண்டும், அதற்கு ஒரு சமதளம் வேண்டும். இந்தச் சமதளத்தை ஒன்றுமில்லாமலிருந்து உண்டாக்கும் வித்தையை 1840-ல் ஊரறியச் சொன்னவர் ஜோசப் விட்வொர்த். ஐ.டி.ஐ.யில் விட்வொர்த் மரை என்று படித்திருப்பீர்களே, அதே ஆள். இரண்டு தகட்டை நீலம் தடவி ஒன்றோடொன்று ஒட்டிப் பார்த்துச் சுரண்டினால் இரண்டும் பொருந்தும், ஆனால் சமமாக இருக்க வேண்டியதில்லை. ஆட்டுக்கல்லும் குழவியும் எவ்வளவு அழகாகப் பொருந்துகின்றன! ஒன்று குழி, ஒன்று மேடு. மூன்று தகடு எடுத்து மாற்றி மாற்றிப் பொருத்தினால் குழிக்கும் மேட்டுக்கும் ஒளிய இடம் கிடையாது, மூன்றும் சமமாகியே தீர வேண்டும். நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம், ஒரு சின்ன சர்ஃபேஸ் பிளேட் வாங்கினால் போதும். அடுப்படி மேடைக்குப் பாலிஷ் போட்ட கிரானைட் பலகை பளபளவென்று இருக்கும், ஆனால் பளபளப்பு வேறு, சமம் வேறு.

லீனியர் ரெயிலும் பால் ஸ்க்ரூவும் வாங்கிப் போடலாமா என்றும் கேட்பீர்கள். ரெயில் சரி. மரைக்குள் குண்டுகள் உருளும் பால் ஸ்க்ரூ கையால் சுற்றும் மெஷினுக்கு வேண்டாம். அது அவ்வளவு வழுவழுப்பு. கட்டர் தள்ளினால் டேபிளே திருகைச் சுற்றிக்கொண்டு நகரும். கம்ப்யூட்டர் ஓட்டும் சி.என்.சி.யில் மோட்டார் பிடித்துக்கொள்ளும், உங்கள் கையோ கைப்பிடியை விட்டிருக்கும். சாதாரண சதுர மரையோ சரிவகப் பல் கொண்ட ஆக்மி மரையோ தானாகப் பூட்டிக்கொள்ளும். பேக்லாஷ், அதாவது மரைக்கும் நட்டுக்கும் இடையிலான ஆட்டம், இருக்கும்தான். அதற்காகவே, கட்டர் சுழன்று வரும் திசைக்கு எதிராக வேலையை ஊட்ட வேண்டும். அதே திசையில் ஊட்டினால் கட்டர் வேலையைக் கவ்வி, பேக்லாஷ் அளவுக்கு வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். எண்ட் மில் உடைவது பெரும்பாலும் அந்த நொடியில்தான்.

மோட்டார் 1 எச்.பி., 1440 ஆர்.பி.எம்., மூன்று ஃபேஸ் வாங்கி, சிங்கிள் ஃபேஸில் ஓடும் வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) போடுங்கள். அந்த வி.எஃப்.டி. 230 வோல்ட்தான் கொடுக்கும். நம் சந்தை மோட்டார் 415 வோல்ட்டுக்கு ஸ்டார் இணைப்பில் கட்டியிருக்கும், அதை டெல்டா இணைப்புக்கு மாற்ற வேண்டும். மூன்று ஒயர்தான் வெளியே வந்திருந்தால் வைண்டிங் கடையில் சொல்லி ஆறாக எடுத்துக்கொள்ளுங்கள். வி.எஃப்.டி. இருக்கிறதே என்று பெல்ட் புல்லி அடுக்கை விட்டுவிடாதீர்கள். வேகத்தைப் பாதியாக்கினால் மோட்டார் தருவதும் பாதி எச்.பி.தான். 12 எம்.எம். எச்.எஸ்.எஸ். கட்டர் எம்.எஸ்.ஸில் நிமிஷத்துக்கு 25 மீட்டர் வெட்டு வேகத்தில் ஓட 660 ஆர்.பி.எம். வேண்டும், 25 எம்.எம். கட்டருக்கு 320. 660-ல் நாலு பல் கட்டருக்குப் பல்லுக்கு 0.03 கொடுத்தால் நிமிஷத்துக்கு 80 எம்.எம். ஊட்டம். அதற்கும் மெதுவாகத் தடவினால் பல் வெட்டாமல் தேய்க்கும், சீக்கிரம் மழுங்கும்.

கடைசியில் தூணை நேராக்குவது. ஸ்பிண்டிலில் ஒரு கம்பியை வளைத்து மாட்டி, அதன் நுனியில் டயல் கட்டி, டேபிளின் மேல் 200 எம்.எம். விட்டமுள்ள வட்டத்தில் கையால் சுற்றுங்கள். முன்னும் பின்னும் 0.1 வித்தியாசம் காட்டினால், தூணின் போல்ட் இடைவெளி 150 என்று வைத்துக்கொண்டால், ஒரு பக்கம் 0.075 எம்.எம். ஷிம் (இடையில் செருகும் மெல்லிய தகடு) வேண்டும். கூல் டிரிங்க்ஸ் அலுமினிய டின்னின் சுவர் ஏறக்குறைய 0.1 கனம், அவசரத்துக்கு அதையே கத்தரித்துப் போட்டிருக்கிறேன், வருஷக்கணக்கில் அப்படியே கிடந்தது.

மெஷினை எங்கே நிறுத்துவீர்கள் என்று எழுதவில்லை. வீட்டுக்குள் என்றால் ஆத்தங்குடிக் கல் தரையில் வேண்டாம். சிமெண்டில் செய்த கல், எண்ணெயைக் குடித்துவிடும், கறை போகாது, மெஷினின் காலுக்கடியில் விரிசலும் விடும். ஆச்சியிடம் வாங்கும் திட்டு தனி. வெறுந்தரையில் ஒரு அடி ஆழம் தோண்டிக் கான்கிரீட் போட்டு நிறுத்துங்கள். நம் செம்மண் புழுதி ஸ்லைடுக்கு எமரி மாதிரி, வேலை முடிந்ததும் ரெக்ஸின் போட்டு மூடுங்கள். வெட்டி விழும் இரும்புச் சுருளைப் பிரஷ்ஷால்தான் தள்ள வேண்டும். கையுறை போட்டுக்கொண்டு ஓடும் கட்டர் பக்கம் போகவே கூடாது.

இப்போதைக்கு லேத்தில் கீவே போட்டுப் பாருங்கள். கம்பவுண்டைக் கழற்றிவிட்டு, கிராஸ் ஸ்லைடின் மேல் டி-ஸ்லாட் (கிளாம்ப் போல்ட்டின் தலை நுழையும் டி வடிவக் காடி) இருக்கிறதா, இருந்தால் அகலம் எவ்வளவு என்று அளந்து, படமும் எடுத்து எழுதுங்கள். டி-ஸ்லாட் இல்லையென்றால் ஸ்லைடில் ஓட்டை போட்டு மரை எடுக்க வேண்டிவரும், அதை எந்த இடத்தில் போடலாம் என்று படத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.